நிழல் பூசிய கால்கள்

ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில் ஒரு அரிசி ஆலை இருந்தது. அந்த ஆலையின் நெல் களத்தில் செருப்பு ஏறாது. நெல் லட்சுமியாயிற்றே, லட்சுமியைச் செருப்புக் காலால் மிதிப்பார்களா என்பது முதலாளி மார்க்கபந்துவின் கேள்வி. அவருடைய அப்பாவின் கேள்வியும் அதுவேதான். அவித்த நெல்லை அந்தக் களத்தில் கொட்டி, காலாலேயே கோடு கோடாக உழுது, புரட்டிக் காயவைத்த பெண்களில் ஒருத்தியும் அதற்குப் பதில் சொன்னதில்லை, ஏனென்றால் அது பதிலுக்காகக் கேட்கப்பட்டதில்லை. முதலாளி களத்துக்குள் இறங்கவே மாட்டார். களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கரைமேல் தோல் செருப்போடு உலாத்துவார், அங்கிருந்தபடியே லட்சுமியின் மானத்தைக் காப்பார்.

சித்திரை பிறந்துவிட்டால் அந்தச் சிமெண்டுத் தரை உச்சிப்பொழுதில் அடுப்புக்கட்டியாகிவிடும். எத்தனை வருஷம் காய்த்துப்போன காலும் அங்கே நிற்காது. அதனால் பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கரையேறுவார்கள், மூன்று மணிக்கு மேல்தான் இறங்குவார்கள். அந்த மத்தியானத்தை அவர்களுக்கு முதலாளி தரவில்லை, சர்க்கார் தரவில்லை, சிமெண்டு தந்தது. அந்த ஆலையில் இரக்கமுள்ள பொருள் அது ஒன்றுதான்.

தனபாக்கியம் தன் மத்தியானத்தில் புருஷனைப் புரட்டுவாள். அவள் புருஷன் கன்னியப்பன் முன்பு அதே ஆலையில் நெல் அவிக்கிற தொட்டியில் வேலை செய்தவன். நீராவி முகத்தில் அடித்து ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை அழுகிவிடும், வேளாவேளைக்குத் திருப்பிப் போடு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். காலையில் இடது பக்கம், மத்தியானம் வலது பக்கம், ராத்திரிக்கு மல்லாக்க என்று அவள் வைத்துக்கொண்டாள். வலது பக்கம் படுத்தால்தான் களத்தை ஒட்டிய லைன் வீட்டு வாசல் வழியாக அவனுக்குக் களம் தெரியும், கரை தெரியும், சாலையில் போகிற பஸ்ஸின் மேல்பாதி தெரியும். இடது பக்கம் சுவர்.

"காலையெல்லாம் செவுத்தப் பாக்கறேன், ராவெல்லாம் கூர ஓட்டப் பாக்கறேன்," என்பான் கன்னியப்பன். "மத்தியானத்துலதான் தனம் நான் ஊர்ல இருக்கேன்."

அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில், களத்தின் நடுவே சிமெண்டு வெடித்திருந்த இடத்தில், பெயர் தெரியாத ஒரு சிறு பூண்டு முளைத்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. உலகத்தின் நிழல்கள் எல்லாம் அவரவர் காலடியில் சுருங்கிப் பதுங்கிக்கொள்கிற உச்சிநேரத்தில் அந்தப் பூண்டின் நிழல் மட்டும் ஈரத்துணியை உதறி விரித்ததுபோல அகலமாகக் கிடந்தது. அன்று நெல் தள்ளும் பலகையை இழுத்துக்கொண்டு கடைசியாகக் கரையேற வந்த தனபாக்கியத்துக்குப் பாதி வழியில் கால் பொறுக்காமல் போயிற்று. அவள் அந்த நிழலில் ஒரு காலை வைத்தாள், பிறகு மறு காலை வைத்தாள். எடுத்தபோது நிழலும் கூடவே வந்துவிட்டது. மருதாணி பிடித்ததுபோல உள்ளங்கால் முழுக்கக் கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூண்டு அன்று முழுக்க மொட்டையடித்த தலைபோல நிழலில்லாமல் நின்றது, மறுநாள் காலையில் வேறொன்று வளர்த்துக்கொண்டது.

தனபாக்கியம் மீதிக் களத்தை நடந்து கடந்தாள். ஆற்று மணலில் தண்ணீர் வற்றின மறுநாள் நடப்பதுபோல இருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த பவுனம்மாள், அவளோடு சேர்ந்து கோடு போடுகிறவள், அவள் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கரியா?"

"நெழல்க்கா."

"நெழலா," என்றாள் பவுனம்மாள். குழம்புத் தூள் கேட்கிற குரலில், "எனுக்குக் கொஞ்சம் இருக்குமா?" என்றாள்.

ஆச்சரியம் என்று அந்த ஊர் பட்டது அவ்வளவுதான். நிழலைக் காலால் எடுப்பதைவிட இலையைக் கசக்கித் தேய்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்று இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. இலை பறிக்கப் பறிக்க வந்தது. கணுக்கால்வரை பூசினார்கள், முழங்கால்வரை பூசினார்கள், கைக்கும் பிடரிக்கும் பூசினார்கள். மாசமாக இருந்த ஒருத்தி வயிற்றுக்குப் பூசிக்கொண்டு, உள்ளே இருக்கிறது உதைப்பதை நிறுத்திவிட்டுத் தூங்குகிறது என்றாள். கால் எரிச்சல் இல்லாமல் மனுஷர் உறங்க முடியும் என்பதைப் பெண்கள் கண்டுகொண்டார்கள். தனபாக்கியமும் கண்டுகொண்டாள், அவள்தான் எல்லோருக்கும் முன்னின்று கசக்கிக் கொடுத்தாள்.

பிறகு அவர்கள் ஒரு பிழை செய்தார்கள். அது உழைக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை, மற்றவர்களுக்கு அதற்கான நல்ல மனசு கிடையாது. கால்தான் சுடவில்லையே, மத்தியானத்திலும் நின்று முடித்துவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று நினைத்தார்கள். ஒருநாள் அப்படியே நின்றார்கள். நெல் மூன்று மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. சேர்த்துக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, கையைத் தட்டிக்கொண்டு கரையேறினார்கள். கணக்கர் பிச்சாண்டி அவர்களை ஒரு முறை பார்த்தார், மூடிய குவியலை ஒரு முறை பார்த்தார், வெறும் களத்தை நீண்ட நேரம் பார்த்தார். காலியாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்தால் சிலருக்குப் பசி எடுக்கும். மறுநாள் இரண்டு ஈடு நெல் அவிந்தது. முதல் ஈடு காய்ந்து குவிந்ததும் இரண்டாவது ஈடு ஆவி பறக்கக் களத்தில் கொட்டப்பட்டது. மத்தியானம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே அதற்குப் பிறகு இல்லை.

மார்க்கபந்து நன்றி கெட்டவர் இல்லை. பூண்டைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, மணி தொங்கவிட்டு, நிழலம்மன் என்று பெயர் வைத்தார். தினமும் குளித்துவிட்டுக் கரையில் நின்று அவளுக்குக் கற்பூரம் காட்டினார். இலையை மட்டும் அவர் பூசிக்கொள்ளவில்லை. அவர் நல்ல சிவப்பு. களத்தோரம் நின்ற புங்க மரங்களை வெட்டி விற்றார், ஏனென்றால் மேனியிலேயே நிழல் உள்ளவர்களுக்கு மரம் எதற்கு. தகரக் கொட்டகையைப் பிரித்தார், தண்ணீர்ப் பானையைக் கரையிலிருந்து வெளிக்கேட்டுப் பக்கம் மாற்றினார்.

ஊர் ஆலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நகராட்சிக்காரர்கள் பஸ் நிறுத்தத்தின் கூரையைக் கழற்றினார்கள், தார் போடுகிறவர்களுக்கு உச்சிவெயிலில்தான் தார் நன்றாகப் பிடிக்கும் என்று உத்தரவானது, கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தலுக்குப் பதிலாக இலைப் பந்தல் வைத்துத் தலைவர் படத்தோடு ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடை நடுப்பகலுக்கு மாற்றிய தலைமையாசிரியருக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியதும் அந்த வெயிலில்தான். வெயிலே படாமல் வாழ்கிறவர்களுக்கும் அது வேண்டியிருந்தது, ஆனால் கறுப்பு வேண்டியிருக்கவில்லை. ஆகவே ஒரு கம்பெனி வந்து இலையிலிருந்து நிறத்தைப் பிரித்து எடுத்து, நிறமில்லாத நிழலை டப்பாவில் அடைத்தது. குளிரூட்டிய காரிலிருந்து குளிரூட்டிய கடைக்குப் போகிற பத்தடிக்காக ஆரணியின் சீமாட்டிகள் அதைப் பூசிக்கொண்டார்கள். பிரித்தெடுத்த கறுப்பை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கறுப்பைப் பற்றி எப்போது யார் கேட்டார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார். கரையில் சாமியானா போட்டு, இரண்டு ஏர்கூலர் வைத்து, கூட்டம் நடத்தினார்கள். கெட்டிக்காரர், பொய் சொல்லாதவர். முட்டை வேகும்போது வெள்ளைக்கரு கெட்டிப்படுவதுபோலச் சூடு பட்டால் தோல் செல்களுக்குள் இருக்கிற புரதம் கெட்டுப்போகிறது, இந்த இலையிலிருக்கும் சில சேர்மங்கள் அதைக் கெடாமல் தாங்கிப் பிடிக்கின்றன, ஆகவே தோல் வேகாது என்று எல்லோருக்கும் புரியும்படி விளக்கினார். பெண்கள் இரண்டாவது ஈட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்கள். கூட்டம் முடிந்து அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தனபாக்கியம் கரையோரம் வந்து நின்றாள்.

"சாரு, ஒண்ணு கேக்கணும். படுத்தே கிடக்கறவங்களுக்கு இடுப்புல புண்ணு வருதே, அதுக்கு இந்த எல கேக்குமா?"

அவர் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார். "கேக்காதும்மா. அது சூட்டால வர்றதில்ல, அழுத்தத்தால வர்றது. ரத்தம் ஓடாம சதை செத்துப்போகுது. திருப்பிப் போடறது ஒண்ணுதான் வழி."

"அதான் சாரு நேரமில்ல."

"எங்க ஆய்வு தோலோட நிக்குதும்மா," என்றார் அவர், உண்மையிலேயே வருத்தமாக. வருத்தப்பட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கன்னியப்பனின் இடது இடுப்பில் அதற்குள் புண் வந்திருந்தது. முதலில் சிவந்த வட்டம், பிறகு கொப்புளம், பிறகு தோல் வழன்று உள்ளே சதை தெரிந்தது. விடியுமுன் இடது பக்கம் போட்டுவிட்டுப் போனால் விளக்கு வைக்கிற நேரம்வரை அவன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான்.

"செவுத்துல ஒரு பல்லி," என்றான் அவளிடம். "அதுக்கு நான் இங்க கீறேன்னு தெரியல. நம்ம மொதலாளி மாதிரி."

தனபாக்கியம் முதலாளியிடம் போனாள். அவர் கரையில் விசிறி வைத்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிச்சாண்டி.

"மொதலாளி, மத்தியானம் கொஞ்ச நேரம் உடணும். அவரத் திருப்பிப் போட்டுட்டு, கஞ்சி ஊத்திட்டு ஓடியாந்துடறேன்."

"ஏன், கால் சுடுதா?"

"சுடலீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு மத்தியானம்?" என்றார் மார்க்கபந்து. வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "கால் சுடுதுன்னுதானே மத்தியானம் உட்டோம். அம்மன் வந்து சுடாம பண்ணிட்டா. அவ குடுத்ததுக்கு மேல நீ ஒண்ணு கேக்கறியே, நல்லாவா இருக்கு?"

"அவருக்குப் புண்ணு வெச்சிடுச்சுங்க."

"அவ்ளோ கஷ்டமா இருந்தா இட்டாந்து களத்துலயே போட்டுக்கம்மா," என்றார் பிச்சாண்டி. "நெல்லப் பொரட்டும்போது அவனயும் ஒரு பொரட்டு பொரட்டிக்கோ. வேலைக்கு வேலயும் ஆச்சு."

முதலாளி சிரித்தார். தனபாக்கியம் திரும்பி நடந்தபோது பவுனம்மாள் நெல்லிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள், "உன் ஒருத்தி ஊட்டுக்காக இந்த எலய உட்டுட்டு நாங்க மறுபடி வேவணுமா? வாய மூடிக்கினு கோடு போடு."

அதே வாரம் பவுனம்மாள் இரண்டாவது ஈட்டின் நடுவில் மல்லாக்க விழுந்தாள். ஓடிப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். கால் ஜில்லென்று இருந்தது, கை ஜில்லென்று இருந்தது. உடம்பு குளிர்ந்திருக்கிறதே, வெயிலாயிருக்காது, விரதமாயிருக்கும் என்று பிச்சாண்டி சொல்லி ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். தோல் நன்றாக இருக்கிற ஒருத்திக்கு வேறென்ன வந்துவிடப் போகிறது. பவுனம்மாள் சோடாவைக் குடித்துவிட்டு, எழுந்து, விட்ட கோட்டிலிருந்து தொடர்ந்தாள். அதன்பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

தனபாக்கியம் இரண்டு நாள் யோசித்தாள். தான் தானே முதலில் கால் வைத்தோம், தான் தானே கசக்கிக் கொடுத்தோம் என்று தன்னையே குடைந்துகொண்டாள். குடைந்ததில் ஒன்றும் வரவில்லை, புண்தான் ஒரு விரல்கடை பெரிசாயிற்று.

"அவுரு சொன்னாரே, செஞ்சிடலாமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"யாரு சொன்னது?"

"பிச்சாண்டி. களத்துல போட்டுக்கச் சொன்னாரு. மொதலாளியும் சிரிச்சாரு."

கன்னியப்பன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான், "மொதலாளி சிரிச்சா உத்தரவுதான். எல பறிச்சிக்கினு வா. நானும் கறுப்பாயிக்கறேன்."

அவள் அவனுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நிழல் பூசினாள். எல்லா இடத்திலும் பிடித்தது. இடது இடுப்பில் மட்டும் பிடிக்கவில்லை. தோல் இல்லாத இடத்தில் நிழலுக்கு ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. கரும்பச்சையான அந்த உடம்பில் புண் மட்டும் ஒரு கண்ணைப்போலச் சிவப்பாகத் திறந்திருந்தது. காலையில் அவனைச் சாக்கில் போட்டு, சாக்கைக் கயிறு கட்டி இழுத்து, களத்தின் நடுவில் சாக்கோடு நெல்லின்மேல் கிடத்தினாள். வெள்ளிக்கிழமை. நிழலம்மனைக் கும்பிட ஊரிலிருந்து கூட்டம் வரும் நாள், காஞ்சிபுரத்திலிருந்து அரிசி வியாபாரி வரும் நாள். அவள் கோடு போட்டு அவன் பக்கம் வரும்போதெல்லாம் குனிந்து அவனை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் புரட்டினாள், கோட்டைத் தொடர்ந்தாள். கன்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸின் கீழ்ப்பாதியையும் பார்த்தான்.

உச்சிப்பொழுதுக்குக் கரை நிறைந்துவிட்டது. முதலில் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரு புரட்டலில் புண் மேலே வந்தது. அதிலிருந்து நீர் வடிந்து நெல்லில் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். அரிசி வியாபாரி மூக்கைத் துண்டால் மூடினார்.

"இந்த நெல்லா நமக்கு வருது?" என்றார்.

"பிச்சாண்டி, அவன எடுக்கச் சொல்லு," என்றார் மார்க்கபந்து.

பிச்சாண்டி கத்தினார். பெண்கள் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், உங்களத்தான். நாலு பேரு வந்து தூக்குங்க."

"எப்பிடிங்க நிக்கறது, ஈடு காயுதே," என்றாள் தனபாக்கியம். "மத்தியானம் இல்லீங்களே."

பவுனம்மாள் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள். அது கீழ்ப்படிதலா வேறு ஏதாவதா என்று இன்றுவரை யாரும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. முதலாளி பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி தன் வெளுத்த கால்களைப் பார்த்தார். இலை பூசிக்கொள்வது கூலிக்காரர் வேலை என்று அவரும் ஒருநாளும் பூசியதில்லை. நெல்லில் நீர் வடிந்துகொண்டிருந்தது. வியாபாரி காரைப் பார்க்கத் திரும்பினார்.

மார்க்கபந்து களத்தில் ஒரு காலை வைக்கப் போனார். அத்தனை கண்ணும் அவர் செருப்பின்மேல் இருந்தது. கும்பிட வந்தவர்கள், வியாபாரி, சொந்த அப்பாவின் படம் தொங்குகிற ஆபீஸ் சன்னல். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னியப்பனை நோக்கி ஓடினார்.

பாதி வழிவரை மானத்தோடு ஓடினார். அதன்பிறகு ஓட்டம் குதியாட்டமாயிற்று. ஒதுங்கப் புங்க மரம் இல்லை, கொட்டகை இல்லை. அம்மனின் நிழலை அன்றைக்கு விடியற்காலையிலேயே அடியோடு வழித்துப் பூசியிருந்தார்கள். அந்தக் களம் முழுக்கச் சுடாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது, அது கன்னியப்பன் படுத்திருந்த சாக்கு. ஆலை முதலாளி அதன்மேல் ஏறி, நோயாளியின் கால்மாட்டில், ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார். திரும்பிப் போகப் பார்த்தார். தரையைப் பார்த்தார். போகவில்லை.

"ஒக்காருங்க மொதலாளி," என்றான் கன்னியப்பன். "மூணு மணிக்கு மேல ஆறிடும். அதுவரைக்கும் என்னா அவசரம்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மார்க்கபந்துவை உட்கார வைத்தது. தனபாக்கியம் தன் கோட்டில் நெல்லைப் பிளந்துகொண்டு வந்தாள், சாக்கின் அருகில் நின்றாள்.

"கொஞ்சம் அப்பிடித் தள்ளிக்குங்க மொதலாளி," என்றாள். "இவர வலது பக்கம் போடணும். அந்தக் காலக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

அவர் தூக்கிப் பிடித்தார். பிடிக்காமல் அந்தச் சாக்கில் இடமில்லை.

அடுத்த வாரம் ஆலையில் மத்தியானம் திரும்பி வந்தது. நிழலம்மன் முதலாளியின் கனவில் வந்து உச்சிப்பொழுதில் தனக்கு ஓய்வு வேண்டும், அந்த நேரத்தில் களத்தில் யாரும் நடமாடக் கூடாது என்று கேட்டதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. களத்துக்குள் இறங்கித் தீ மிதித்த முதலாளி என்று ஊர் பேசியது. கட்டுப் போட்ட அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் கரையில் வரிசை நின்றது, இலை வருமுன் வருஷக்கணக்காகக் கால் பொசுங்க அதே களத்தில் நடந்த பெண்களும் அந்த வரிசையில் நின்றார்கள், பவுனம்மாளும் நின்றாள்.

தனபாக்கியம் நிற்கவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் புருஷனை வலது பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். புண் ஆறவில்லை, பெரிசாகாமல் நின்றிருந்தது.

"வரிச எவ்ளோ நீளம்?" என்று கேட்டாள், முதுகைத் துடைத்துக்கொண்டே.

கன்னியப்பன் வாசல் வழியாகப் பார்த்தான். "ரோடு வரைக்கும் கீது," என்றான். "எல்லாம் வெயில்லதான் நிக்குதுங்க."